ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு கழித்தல்

“எல்லாம் நார்மல்தான் அத்தான். மூணு நாலு எடத்துல மட்டும் ஸ்டார் போட்டிருக்கான்.”

மைத்துனன் நீட்டிய ரிப்போர்ட் பதினோரு பக்கம். வழவழப்பான அட்டையில் சிவப்பு இதயம், அதன் கீழே அவன் பெயர், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ‘மொத்தம் 84 பரிசோதனைகள்’. பண்டிகைச் சலுகையில் பாதி விலைக்கு எடுத்தானாம். அவனுக்கு 44 வயது. பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை. சிகரெட்டை விட்டு இரண்டு வருடமாகிறது. தொப்பை மட்டும் கரையவில்லை.

கொழுப்புப் பக்கத்தைப் பிரித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 188. ட்ரைகிளிசரைடு 310, ஸ்டார். ஹெச்.டி.எல். 32, ஸ்டார். வி.எல்.டி.எல். 62, ஸ்டார். ‘கெட்ட கொழுப்பு’ என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய எல்.டி.எல். 94, நூறுக்குள் அடங்கிவிட்டதால் அதற்கு ஸ்டார் இல்லை. “எல்.டி.எல். நல்லாருக்கு சார், எண்ணெய மட்டும் கொறைங்க” என்று லேப்பில் இருந்த பையன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கழித்தல் போட்டுக் காட்டினேன். 188-இல் 32 போனால் 156. அவனுடைய இதயத்தைப் பற்றி அந்தத் தாள் சொல்லக்கூடிய மிக முக்கியமான எண் அதுதான். அதை அச்சடிக்க 84 பரிசோதனைகளுக்கு நடுவே இடம் கிடைக்கவில்லை.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தன்னந்தனியாக மிதப்பதில்லை. கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் புரத உறை போர்த்திய நுண்துகள்களில் ஏறித்தான் அது பயணம் போகிறது. எல்.டி.எல். அவற்றில் ஒரு வகை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கி அடைப்புக்கு அடிபோடும் துகள்கள் வேறும் உண்டு. ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் வி.எல்.டி.எல். ஒன்று, அது சுமையைப் பாதி இறக்கிய பிறகு மிஞ்சும் எச்சத் துகள் இன்னொன்று. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லைக் கழித்துவிட்டால் இந்தக் கூட்டம் முழுவதும் சுமக்கும் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மருத்துவர்கள் இதை ‘நான்-ஹெச்.டி.எல்.’ என்கிறார்கள். எல்.டி.எல். இலக்கோடு 30-ஐக் கூட்டிக்கொண்டால் இதற்கான இலக்கு. பெரிய ஆபத்து எதுவும் இல்லாதவருக்கே 130-க்குள் இருக்க வேண்டும். என் மைத்துனனுக்கு 156.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுடைய 94 யாரும் அளந்த எண்ணே அல்ல. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 62. அதுதான் அந்த ‘வி.எல்.டி.எல்.’. 188-இலிருந்து 32-ஐயும் 62-ஐயும் கழித்தால் 94; அதுதான் அந்த ‘எல்.டி.எல்.’. அமெரிக்காவின் வில்லியம் ஃப்ரீடுவால்டும் அவருடைய சகாக்களும் 1972-இல் 448 பேரின் ரத்தத்தை வைத்து உருவாக்கிய சூத்திரம் இது. எல்.டி.எல்.லை நேரடியாகப் பிரித்தெடுக்க அன்றைக்கு அதிவேகச் சுழற்சி இயந்திரம் தேவைப்பட்டது. எல்லா ஊரிலும் அது கிடையாது. அதற்கு மாற்றாக ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். நல்ல கணக்குத்தான். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இது செல்லாது என்று அவர்களே எச்சரித்தும் வைத்தார்கள். ஆனால் 400 என்ற கோட்டில் திடீரென்று தவறத் தொடங்குவதில்லை. ட்ரைகிளிசரைடு ஏற ஏற, எல்.டி.எல். இறங்க இறங்க, உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ட்ரைகிளிசரைடு அதிகம், ஹெச்.டி.எல். குறைவு, எல்.டி.எல். பார்வைக்குச் சுமார்: இது நம் ஊர் ரத்தத்தின் வழக்கமான முகம். தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் கொழுப்புக் கணக்கு 2014-இல் வெளியானது. அதில் 72.3% பேருக்கு ஹெச்.டி.எல். குறைவு, 29.5% பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம், எல்.டி.எல். அதிகமிருந்தவர்கள் 11.8% மட்டுமே. அந்தச் சூத்திரம் எங்கே தடுமாறுமோ அங்கேதான் நம்மில் பலர் நிற்கிறோம்.

இதில் வியாபாரத் தந்திரம் ஒன்றும் உண்டு. பல லேப்களில் கொழுப்புக்காக உண்மையில் அளப்பது மூன்றே மூன்று. மீதி எல்லாம் கூட்டல், கழித்தல், வகுத்தல். அவற்றையும் தனித்தனிப் பரிசோதனையாக எண்ணித்தான் 84 ஆக்குகிறார்கள். வகுத்து வந்த விகிதங்களுக்கெல்லாம் வரி ஒதுக்குபவர்கள் உருப்படியான ஒரு கழித்தலுக்கு ஒரு வரி ஒதுக்கினால் என்ன?

‘நார்மல்’ என்ற சொல்லின் மீது எனக்கு நீண்ட நாளாகவே சந்தேகம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவால் இறந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 300/190. பல ஆண்டுகளாகவே அது ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய தனி மருத்துவரோ, வயதுக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்றே வெளியே சொல்லிவந்தார். பொய் சொன்னார் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்பது அன்றைய மருத்துவத்தின் பொது நம்பிக்கை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரை வரிசையாகச் சோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கத் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று இன்று டீக்கடையில்கூடப் பேசப்படும் பட்டியல் அங்கே பிறந்தது. ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற பேச்சையே 1961-இல் அந்த ஆய்வுக் குழுதான் மருத்துவ உலகில் புழங்கவிட்டது. ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது வேறு, உடம்புக்கு நல்லது வேறு என்பதை அந்த ஊர் நிரூபித்தது.

ஆனால் ஃபிரேமிங்ஹாம்வாசிகள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களை வைத்துச் செய்த கணக்கில் அடுத்த பத்தாண்டுக்கான ஆபத்தைத் தீர்மானிப்பதில் வயதுக்கே பெரிய பங்கு. நாற்பதுகளில் இருப்பவர் எவ்வளவு மோசமான எண்களோடு வந்தாலும் மதிப்பெண் கம்மியாகவே வரும். நம் கதை வேறு. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதில் வருவதையும் மற்றவர்களுக்கு 58.8 வயதில் வருவதையும் காட்டியது. கிட்டத்தட்ட ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். அந்த ஆறு வருடத்தில்தான் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு காலேஜ், வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் பயன்படுத்தும் கியூ-ரிஸ்க் கணக்கில், நீங்கள் இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்கதேசத்தவரா என்று ஒரு கேள்வி உண்டு. அங்கே குடியேறிய நம்மவருக்குக் கிடைக்கும் அந்தக் கேள்வி, இங்கேயே இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

கொலஸ்ட்ரால் மேல் வீண்பழி போடுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வாதத்தை வாரம் ஒருமுறையாவது யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். திருட்டு நடந்த வீட்டு வாசலில் நின்றவரெல்லாம் திருடர் இல்லை என்பது சரியே. ரத்தத்தில் அதிகமாகக் காணப்படுவதெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. இதைப் பிரித்தறிய இயற்கையே ஒரு சோதனை வைத்திருக்கிறது. அமெரிக்க நகரங்களில் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட கறுப்பின மக்களில் சிலருக்கு, எல்.டி.எல்.லைப் பிறவியிலேயே குறைத்துவைக்கும் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. மற்றவர்களைவிட 28% குறைவு, அவ்வளவுதான். ஆனால் இதயநோய் 88% குறைவாக இருந்தது என்று டல்லாஸ் விஞ்ஞானிகள் 2006-இல் எழுதினார்கள். மருந்து கொடுத்து அதே அளவு குறைத்தால் இத்தனை பலன் வராது. காரணம் எளிது: அவர்களுக்குப் பிறந்த நாளிலிருந்தே குறைவு. ரத்தக்குழாய் அன்றன்றைய எண்ணைப் பார்ப்பதில்லை. எத்தனை அளவு, எத்தனை வருடம் என்று பெருக்கிவைத்துக்கொண்டே வருகிறது. வட்டிக் கணக்கு மாதிரி.

இதே சோதனையில் தோற்றுப்போனது நம் செல்லப்பிள்ளையான ‘நல்ல கொழுப்பு’. ஹெச்.டி.எல். அதிகமிருந்தால் மாரடைப்பு குறைவு என்று ஃபிரேமிங்ஹாமிலிருந்தே தெரியும். அதனால் அதை ஏற்றினால் நல்லது என்று கருதி, டோர்செட்ராபிப் என்ற மருந்தை ஏறத்தாழ 15,000 பேர் பங்கேற்ற ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெச்.டி.எல். 70 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. மருந்து எடுத்தவர்களில் இறப்பும் ஏறியது. 2006 டிசம்பரில் ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். ஹெச்.டி.எல்.லைப் பிறவியிலேயே ஏற்றிவைக்கும் மரபணு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் தெரிந்தது. ஆகவே 32 என்ற எண் ஒரு நல்ல உளவாளி. உட்கார்ந்தே இருக்கும் உடம்பு, தொப்பை, இன்சுலினுக்கு அடங்காத சர்க்கரை ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணை மட்டும் ஏற்றுவதற்காகக் காசு செலவழிப்பது வீண்.

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இதேதான். ஹார்வர்டில் இருந்த கில்மர் மெக்கல்லி 1969-இல் அதன்மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். வைட்டமின் பி கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006-இல் வந்தன. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. இருந்தும் இன்றைய ‘ஹார்ட் பேக்கேஜ்’ பலவற்றில் அது கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கு பி-12 குறைந்தாலே அது ஏறும். உடனே ஒரு ஸ்டார், உடனே ஒரு பயம்.

சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் கொஞ்சம் சிக்கலானது. உடம்பில் எங்கோ அழற்சி நடப்பதைக் காட்டும் புகை அது. எல்.டி.எல். 130-க்குக் கீழே, நுண்ணளவு சி.ஆர்.பி. இரண்டோ அதற்கு மேலோ இருந்த 17,802 பேருக்கு நடந்த ஜூபிடர் ஆய்வில், ரோசுவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரையை எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 44% குறைந்ததாக பால் ரிட்கர் குழு 2008-இல் அறிவித்தது. சி.ஆர்.பி. குறைவாக இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. எனவே பலன் சி.ஆர்.பி. பார்த்ததால் வந்ததா, மருந்தால் யாருக்கும் வந்திருக்கக்கூடியதா என்று அது சொல்லாது. அந்தச் சோதனை சார்ந்த காப்புரிமையில் ரிட்கரின் பெயர் இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். அவரே மறைக்காமல் சொன்னதுதான். மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் ஊசலாடும்போது இந்த எண் கைகொடுக்கும். பல் வலியோடும், போன வாரக் காய்ச்சலோடும் போய் எடுத்துவிட்டு அலறுவதற்கு அல்ல.

இத்தனை எண்களில், காசு கொடுத்து எடுக்கத் தகுந்ததாக நான் சொல்வது ஒன்றே. அது என் மைத்துனனின் 84-இல் இல்லை.

அதைச் சொல்வதற்கு முன் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 49 வயது. காலையில் நெஞ்சை அழுத்துகிறது என்றார். வாயு என்றார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தபோது அவர் இல்லை. அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை, ஒல்லியான உடம்பு, தினமும் சைக்கிள். ‘விதி’ என்று முடித்துக்கொண்டோம். மைத்துனனின் பதினோரு பக்க ரிப்போர்ட்டில், ‘உங்கள் தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா?’ என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. ஊசி தேவையில்லாத, பைசா செலவில்லாத கேள்வி அது.

நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் என்ற மரபியல் மருத்துவர் 1963-இல் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற துகளைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு எல்.டி.எல். மாதிரியே இருக்கும், கூடுதலாக ஒரு புரத வாலைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதன் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வந்த மரபணு. உணவைக் குறைத்தாலும், நடந்தாலும், ஓடினாலும் பெரிதாக அசையாது. அதனாலேயே ஒரு வசதி: வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் அநேகமாகப் போதும். மரபணுச் சோதனையிலும் இது தேறிவிட்டது, நிஜக் குற்றவாளிதான். இந்தியர்களில் சுமார் 25% பேருக்கு இது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, மேற்கு நாடுகளில் 15 முதல் 20% பேருக்கு என்று கணக்கிட்ட இந்திய இதயவியல் கழகம், எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலையில் வெளியிட்ட தன் வழிகாட்டு நெறிகளில் சொன்னது. பதினெட்டு வயதிலேயே முதல் கொழுப்புச் சோதனை, முதல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, மிக அதிக ஆபத்து உள்ளவருக்கு எல்.டி.எல். 55-க்குள் என்பவையும் அதில் உண்டு.

“இதைக் குறைக்க மருந்து இருக்கா அத்தான்?” என்று கேட்டான். குறிவைத்துக் குறைக்கும் மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்துவருகிறார்கள். “அப்ப எதுக்குப் பாக்கணும்?” நியாயமான கேள்வி, மருத்துவர்கள் சிலரும் கேட்பதுதான். மாற்ற முடியாத ஒன்று சுமையை ஏற்றிவைத்திருக்கிறது என்று தெரிந்தால், மாற்றக்கூடியவற்றில் சலுகை காட்ட முடியாது. 156-ஐ ‘பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடலாமா, இன்றே மருத்துவரிடம் போவதா என்பதை அந்த எண் தீர்மானிக்கும். அதைவிடப் பெரிதாக, ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அரசைக் கேட்க எனக்கு இரண்டு விஷயங்கள் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் அங்கேயே கொடுக்கப்படுகின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு, பாராட்ட வேண்டும். ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அந்த மூன்றாவது மாத்திரை, அதே மனிதருக்குப் பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. வாசலுக்கு வரும் ஊழியரின் தாளில் ‘அப்பாவுக்கு எந்த வயதில்?’ என்ற கேள்வியைச் சேர்க்க முடியாதா? ரத்தச் சோதனையே இல்லாமல் வயது, பாலினம், புகை, அழுத்தம், உயரத்துக்கேற்ற உடல் எடை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்கும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நம் பிராந்தியத்துக்கும் சேர்த்தே வெளியிட்டிருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒட்டிவிடலாம். இரண்டாவது, தமிழ்நாட்டில் எந்த லேப் கொழுப்பு ரிப்போர்ட் கொடுத்தாலும் நான்-ஹெச்.டி.எல். ஒரு வரியாக அச்சாக வேண்டும் என்ற உத்தரவு. சில லேப்கள் ஏற்கெனவே போடுகின்றன. மற்றவர்களுக்கு ஆகும் செலவு ஒரு கழித்தல்.

மைத்துனன் மறுவாரம் போய் லிப்போபுரோட்டீன்-ஏ சோதனையை எடுத்தான். குடும்பத்தோடு ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடும் காசு. 92 என்று வந்தது. மருத்துவர் ரிப்போர்ட்டின் இன்னொரு மூலையில் ஸ்டார் இல்லாமல் கிடந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1-ஐயும் வட்டம் போட்டு, நீரிழிவுக்கு முந்தைய கட்டம் என்று சொல்லி, ஸ்டாடின் தொடங்கிவிட்டார். சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறானாம். நம்புகிறேன்.

அவன் மகனுக்குப் பத்தொன்பது. அவனையும் எடுக்கச் சொன்னேன். “மாமா, வெறும் வயித்துலதான் போணுமா?” என்று போன் செய்தான். “வேண்டாம்டா, இட்லி சாப்ட்டுட்டே போ.” மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரே ஓர் எண் வந்தது: 14. அப்பன் சொத்தில் இது மட்டும் பிள்ளைக்கு வராமல் போனதில் எல்லோருக்கும் நிம்மதி. இரவு சாப்பாட்டின்போது அதைத்தான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமனார், மைத்துனன், மருமகன் என்று வரிசையாக நான் விளக்கியதை முழுவதும் கேட்டுவிட்டு, சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பா எனக்கும் அப்பாதானே?”

அவளுக்கு 47 வயது. இதுவரை கொழுப்பு டெஸ்ட் எடுத்ததே இல்லை.